விசுவாசத்தைக் கணக்கெடுக்கலாமா?



நூறு ஆடுகளில் ஒன்று தவறிப்போன உவமையை அறியாதவர் நம்மில் எவருமில்லை. ஆயன் தேடிப் போனான், கண்டான், தோளில் போட்டுக்கொண்டு வந்தான் என்று சிறு பிள்ளையும் சொல்லும். ஆனால் ஒன்று குறைகிறது என்பது அவனுக்கு எப்படித் தெரிந்தது? எண்ணிப் பார்த்ததால் அன்றோ! சிங்கவரம் மலையடியிலும் செஞ்சிக் கோட்டைப் பாறைகளின் நடுவிலும் ஆடு மேய்க்கிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். பொழுது சாய்ந்ததும் பட்டி வாசலில் நின்று ஒவ்வொன்றாய் எண்ணித்தான் உள்ளே விடுவார்கள். எண்ணாத ஆயனுக்குத் தொண்ணூற்றொன்பதும் ஒன்றுதான், நூறும் ஒன்றுதான்.

வேதாகமத்தில் வேறொரு கணக்கும் உண்டு. தாவீது அரசன் தன் வாள்வீரர் எத்தனை பேர் என்று நாடெங்கும் எண்ணச் செய்தான். அதன் முடிவில் தேசத்தில் கொள்ளைநோய் வந்தது. அவன் எண்ணியது தன் பலத்தைப் பார்த்துப் பெருமைப்பட. ஆயன் எண்ணியதோ இல்லாததைத் தேடிப்போக. இன்று கத்தோலிக்கரின் விசுவாசத்தையும் பக்தி முயற்சிகளையும் பற்றிப் பல தேசங்களில் கணக்கெடுக்கிறார்கள்; பத்திரிகைகளில் நூற்றுக்கு இத்தனை என்று செய்தி வருகிறது. அதை வாசித்துவிட்டு, "சாமி, இப்படியெல்லாம் போட்டிருக்கிறதே, உண்மையா?" என்று நம் பங்கில் சிலர் கேட்டார்கள். ஆகவே இந்த வாரப் பாடம் அதைப்பற்றியே.

முதலாவது, இது பிறர் கண்டுபிடித்த புது வழக்கமன்று. 1215-ல் கூடிய நான்காம் லாத்தரான் பொதுச்சங்கம், புத்தி விவரம் அறிந்த ஒவ்வொரு கிறிஸ்தவனும் வருஷத்துக்கு ஒருமுறையேனும் பாவசங்கீர்த்தனம் செய்து, பாஸ்காக் காலத்தில் நற்கருணை உட்கொள்ளவேண்டுமென்று கட்டளையிட்டது. கட்டளை என்று வந்தால் நிறைவேற்றியவர் யார், நிறைவேற்றாதவர் யார் என்று பங்குக் குரு அறியவேண்டுமே. 1614-ல் பாப்பரசர் ஐந்தாம் சின்னப்பர் வெளியிட்ட சடங்கு நூல், ஞானஸ்நானம், உறுதிபூசுதல், மெய்விவாகம், மரணம் ஆகியவற்றுக்கான ஏடுகளோடு ஐந்தாவதாக ஓர் ஏட்டையும் குருவானவர் வைத்திருக்கவேண்டுமென விதித்தது. அதற்கு "ஆன்மாக்களின் நிலை" என்று பெயர். வீடு வீடாகச் சென்று, இன்னார் இருக்கிறார், இன்ன வயது, நற்கருணை வாங்குகிறவரா என்று எழுதிவைக்கும் ஏடு அது. நம் மேசையிலிருக்கும் குடும்பப் பதிவேடு அதன் வழிவந்ததுதான். அதை வெறும் சந்தாப் புத்தகமாக நாம் ஆக்கிவிட்டது வேறு விஷயம்.

1931-ல் பிரான்சு தேசத்தில் கப்ரியேல் லெ பிரா என்னும் சட்டப் பேராசிரியர், கிறிஸ்தவ நாடு என்று சொல்லிக்கொள்ளும் நம் நாட்டில் உண்மையில் யார் கோவிலுக்குப் போகிறார்கள் என்று கேட்டு, பங்கு பங்காகக் கணக்குத் திரட்டத் தொடங்கினார். பின்பு 1947-ல் பூலார் என்னும் குருவானவர், அந்த நாட்டுக் கிராமங்களில் பக்தி செழித்த பகுதி எது, வறண்ட பகுதி எது என்று நிறம் பிரித்துக் காட்டும் தேசப்படம் ஒன்றை வெளியிட்டார். மக்களை அவர்கள் பல வகையாகப் பிரித்தார்கள். அவற்றில் ஒரு வகை நம் ஊருக்கும் பொருந்தும்: பருவத்துக்கு வருகிறவர்கள். ஞானஸ்நானம், கலியாணம், அடக்கம் என்று மூன்று முறை மணியோசை கேட்பவர்கள்.

நம்மிடையே பருவம் கொஞ்சம் அதிகம். கொடியேற்றம், தேர், கிறிஸ்துமஸ் நடுச்சாமப் பூசை, வருஷப் பிறப்பு, கல்லறைத் திருநாள். சாம்பல் புதன்கிழமையன்று கோவிலில் நிற்க இடமில்லை. பெரிய வெள்ளிக்கிழமை சிலுவை முத்தி செய்ய வரிசை தெருவரை நிற்கிறது. இவ்விரண்டும் கடன் திருநாட்களல்ல என்பதை இங்கே சொல்லியாகவேண்டும். கடனான ஞாயிற்றுக்கிழமையில் இடம் தாராளமாக இருக்கிறது! ஆவணி மாதம் காவி உடுத்தி வேளாங்கண்ணிக்கு நூறு மைலுக்கு மேல் கால் கொப்பளிக்க நடந்துபோகிற வாலிபன், தன் வீட்டிலிருந்து ஒரு பர்லாங்கு தூரத்தில் நடக்கும் பூசைக்கு நடந்து வருவதில்லை. அவனுக்கு விசுவாசமில்லை என்று நான் சொல்லமாட்டேன். விசுவாசமில்லாதவன் அவ்வளவு தூரம் நடப்பானா? ஆனால் அந்த விசுவாசம் எதை நம்புகிறது என்று அவனை யாரும் உட்கார்த்தி வைத்துக் கேட்டதில்லை.

பிற தேசங்களின் கணக்கைச் சுருக்கமாகப் பார்ப்போம். உலக மதிப்புகள் ஆய்வு என்ற பெயரில் பல நாடுகளில் நடைபெறும் கணக்கெடுப்பை, அமெரிக்காவில் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த காரா என்னும் கத்தோலிக்க ஆய்வு நிலையம் 2023-ல் தொகுத்தது. வாரந்தோறும் பூசைக்குப் போவதாகச் சொன்ன கத்தோலிக்கர் நைஜீரியாவில் நூற்றுக்கு 94, கென்யாவில் 73, லெபனானில் 69, பிலிப்பைன்ஸில் 56. பிரான்சில் 8, ஹாலந்தில் 7.

பிரான்சு என்றதும் நமக்கு ஒரு நினைவு வரவேண்டும். புதுவை மிஷனுக்குப் பாரீஸ் அந்நிய வேதபோதக சபையிலிருந்து குருக்கள் வந்தது அந்த நாட்டிலிருந்துதான். நமக்கு வடக்கே சேத்துப்பட்டில், பல்லாயிரம் ஏழைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்த தாராஸ் சுவாமியார் அந்த நாட்டுக்காரர். 1876 முதல் 1878 வரை நடந்த தாது வருஷப் பஞ்சத்தையும் அதையடுத்த ஆண்டுகளையும் பற்றி நம் பாட்டன்மார் சொன்ன கதைகளில் இத்தகைய வெள்ளைக்காரச் சாமிமார் வராமல் இருப்பதில்லை. நமக்கு விளக்கைக் கொண்டுவந்தவர்களின் ஊரில் இன்று நூறு கத்தோலிக்கரில் எட்டுப் பேர் ஞாயிறு பூசைக்குப் போகிறார்கள். அயர்லாந்திலோ 1970-களின் தொடக்கத்தில் பத்தில் ஒன்பது பேர் போய்க்கொண்டிருந்தார்கள். ஒரு தலைமுறைக்குள் அது பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. தேர்த்திருவிழாக் கூட்டத்தைப் பார்த்து நமக்கு ஒரு குறையும் வராது என்று நினைப்பவர்கள் அயர்லாந்தை நினைத்துக்கொள்ளட்டும்.

இனி, இந்தக் கணக்குகளை எவ்வளவு நம்பலாம்? கணக்கெடுப்பவர் நம் வாயைத்தான் கேட்கிறார். கோவில் பெஞ்சியை எண்ணுவதில்லை. 1993-ல் அமெரிக்காவில் மூன்று ஆராய்ச்சியாளர் இரண்டையும் ஒப்பிட்டார்கள். வாரந்தோறும் போகிறோம் என்று சொன்னவர்களின் தொகையில், கோவில்களில் ஆள் எண்ணியபோது ஏறக்குறைய பாதிதான் தேறியது. மற்றவர் பொய்யரா? அப்படிச் சொல்லத் துணியமாட்டேன். போகவேண்டியவன் நான் என்ற எண்ணம் உள்ளவன்தான், போகாதபோதும் போனேன் என்பான். வெட்கப்படுகிறவனிடம் பேச இன்னும் இடமிருக்கிறது.

கேட்கும் விதத்தாலும் விடை மாறுகிறது. இதற்குத் திவ்விய நற்கருணையைப் பற்றிய கேள்வியே நல்ல உதாரணம். 2019-ல் ப்யூ ஆராய்ச்சி மையம் அமெரிக்கக் கத்தோலிக்கரைக் கேட்டது: பூசையில் அப்பமும் இரசமும் மெய்யாகவே சேசுநாதருடைய சரீரமும் இரத்தமுமாகின்றனவா, அல்லது அவற்றுக்கு அடையாளமா? மெய்யாகவே ஆகின்றன என்றவர் நூற்றுக்கு 31 பேர். அடையாளம் என்றவர் 69 பேர். ஆயர்கள் திடுக்கிட்டார்கள். பிறகு காரா நிலையம் வேறு விதமாகக் கேட்டு 2023-ல் வெளியிட்ட முடிவில், சேசுநாதர் நற்கருணையில் மெய்யாகவே பிரசன்னமாயிருக்கிறார் என்ற விசுவாசம் நூற்றுக்கு 64 பேரிடம் காணப்பட்டது. 31 எங்கே, 64 எங்கே! ஆகையால் ஒரே எண்ணைக் கேட்டுக் கலங்குவதும் ஆகாது, களிப்பதும் ஆகாது.

ஆனால் அந்த 2019-ஆம் வருஷக் கணக்கின் உள்ளே ஒரு விவரம் இருக்கிறது. அதைத்தான் நான் பலமுறை வாசித்தேன். அடையாளம் என்று சொன்ன 69 பேரில், திருச்சபை போதிப்பது இன்னதென்று அறிந்தும் நான் ஒப்பவில்லை என்றவர் 22 பேர்தான். 43 பேர், திருச்சபையே அடையாளமென்றுதான் போதிக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள்! அவர்கள் விசுவாசத்தை மறுத்தவர்களல்ல, அதைக் கேட்டறியாதவர்கள். ஞானஸ்நானம் பெற்று, புதுநன்மை வாங்கி, வருஷக்கணக்காய்ப் பூசை கண்டும் அறியாதவர்கள். வாரந்தோறும் பூசைக்குப் போகிறவர்களிடையே மட்டும் பார்த்தால், மெய்யாகவே ஆகின்றன என்றவர் 63 பேர். மற்றவர்களில் அந்தத் தொகை மிகக் குறைவு. அமெரிக்க ஆயர்கள் சும்மா இருக்கவில்லை. 2022 முதல் நற்கருணைப் பக்தியைப் புதுப்பிக்கும் முயற்சியைத் தொடங்கி, 2024 ஜூலையில் இண்டியானாபொலிஸ் நகரில் பெரிய நற்கருணை மாநாடு கூட்டினார்கள். எண்ணியது தேடிப்போவதற்காயிற்று.

இதை வாசித்தபின் நம் பங்கில் நானும் கேட்டுப் பார்த்தேன். காகிதமும் கணக்கும் இல்லை, பூசைக்குப்பின் கோவில் வாசலில் நின்றவர்களிடம் பேச்சுவாக்கில், "நன்மை வாங்குகிறீர்களே, என்ன வாங்குகிறீர்கள்?" என்றேன். நடவு வேலைக்குப் போகும் ஒரு மூதாட்டி என்னை ஏற இறங்கப் பார்த்து, "சாமியத்தான் வாங்குறேன், வேற யார வாங்குவேன்? சாமியாரே இப்படிக் கேக்கலாமா?" என்றார். அவருக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. அடுத்து நின்றவன் பொறியியல் கல்லூரி மாணவன். "அது இயேசுவோட கடைசி இராவுணவை ஞாபகப்படுத்துற அடையாளம், ஃபாதர்" என்றான், தெரிந்த பாடத்தை ஒப்பிக்கும் தெளிவோடு. அவனுக்கு உறுதிபூசுதலுக்கு ஆயத்தம் செய்தவன் நானேதான். உறுதிபூசுதலோடு அவனுடைய ஞானோபதேசம் நின்றுபோயிற்று. அவனுடைய கணிதமோ நிற்கவில்லை. பன்னிரண்டு வயதுச் சட்டையை இருபது வயதில் போட்டுக்கொள் என்றால் போடுவானா? சத்தியத்தை மட்டும் அந்த அளவிலேயே விட்டுவிட்டோம்.

ஆதலின் இங்கே நிறுத்திச் சொல்கிறேன். வீட்டில் பெரியவர்கள் உரக்க வாசியுங்கள். குருவானவர் சேசுநாதருடைய வார்த்தைகளைச் சொன்னவுடன் அப்பத்தின் உட்பொருள் முழுவதும் சேசுநாதருடைய திருச்சரீரமாகவும், இரசத்தின் உட்பொருள் முழுவதும் அவருடைய திரு இரத்தமாகவும் மாறுகிறது. நிறம், சுவை, வடிவம் என்னும் வெளிக்குணங்கள் மாத்திரம் மாறாமல் நிற்கின்றன. ஓஸ்தி சிறியதானாலும் பிட்கப்பட்டாலும் ஒவ்வொன்றிலும் அவர் முழுமையாக இருக்கிறார். இந்தப் பொருள்மாற்றத்தைச் சொல்லும் வார்த்தையை, பாஸ்காக் கடனை விதித்த அதே 1215-ஆம் ஆண்டுச் சங்கம்தான் தன் விசுவாச அறிக்கையில் வைத்தது. 1551-ல் திரிதெந்தீன் சங்கம் அதை விரிவாக வரையறுத்தது. நற்கருணை அடையாளமுமாகும் என்பது சரியே. எல்லாத் தேவதிரவிய அனுமானங்களும் அடையாளங்களே. ஆனால் அடையாளம் மாத்திரம் என்பது தப்பறை. "மாத்திரம்" என்ற ஒரு சொல்லில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது.

நம் தேசத்தின் கணக்குக்கு வருவோம். அதே ப்யூ மையம் 2019 நவம்பர் முதல் 2020 மார்ச்சு வரை இந்தியாவில் 29,999 பேரை நேரில் கண்டு கேட்டு, 2021-ல் வெளியிட்டது. அவர்களில் கிறிஸ்தவர் 1,011 பேர். கத்தோலிக்கர் மாத்திரமல்ல, எல்லாச் சபையாரும் சேர்த்து. மதம் தங்கள் வாழ்வில் மிகவும் முக்கியமென்றவர் கிறிஸ்தவரில் நூற்றுக்கு 76 பேர். சந்தோஷமே. கர்மவினையை நம்புகிறோம் என்றவர் 54 பேர். மறுபிறவியை நம்புகிறோம் என்றவர் 29 பேர். கங்கை நீருக்குத் தூய்மையாக்கும் சக்தி உண்டென்றவர் 32 பேர்.

இதைக் கேட்டு உடனே தலையில் அடித்துக்கொள்ளவேண்டாம். கர்மம் என்ற சொல்லைக் கேட்ட கிறிஸ்தவன் எதை நினைத்துத் தலையாட்டினான்? வினை விதைத்தவன் வினை அறுப்பான் என்பது நம் பழமொழி. விதைத்ததையே அறுப்பான் என்ற கருத்தை அர்ச். சின்னப்பரும் கலாத்தியருக்கு எழுதியிருக்கிறார். "என் தலையெழுத்து" என்று சொல்லாத வாய் தமிழ்நாட்டில் உண்டா? நான் எழுதும் இந்தத் தமிழிலேயே விதி, வினை, ஊழ் என்று எத்தனை சொற்கள்! பேச்சு வழக்கு வேறு, விசுவாசம் வேறு. கணக்கெடுப்பவரின் பெட்டிக்குள் இரண்டும் ஒன்றாய் விழுந்துவிடுகின்றன.

இப்படிச் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்த எனக்கு ஒரு வீட்டில் வேறு பாடம் கிடைத்தது. வீடு மந்திரிக்கப் போயிருந்தேன். ஞாயிறு தவறாமல் பூசைக்கு வருகிற குடும்பம். பிறவியிலேயே காது கேளாத பிள்ளை ஒன்று மடியில் இருந்தது. தாய் மெல்லக் கேட்டார்: "சாமி, போன ஜென்மத்துல நான் என்ன பாவம் செஞ்சனோ, இது இப்படிப் பொறந்துடுச்சு. அதுக்கு ஒரு பூசை வெச்சா தீருமா?" அடுத்த வீட்டுக்கு நேரமாகிவிட்டதென்று, "அப்படியெல்லாம் நினைக்காதீர்கள் அம்மா, செபம் செய்யுங்கள்" என்று சொல்லித் தீர்த்தம் தெளித்துவிட்டுப் புறப்பட்டேன். இரவு படுத்தபின்தான் அந்தக் கேள்வி உறைத்தது. அது பேச்சு வழக்கு அல்ல. அந்தத் தாய் அதை நம்பியே கேட்டார். அந்தப் பாரத்தோடு அவர் எத்தனை வருஷம் நன்மை வாங்கியிருக்கிறாரோ! மறுநாளே அந்த வீட்டுக்குத் திரும்பிப் போனேன். அன்று சொன்னதை இங்கேயும் எழுதுகிறேன். இப்படிப்பட்ட பாரம் சுமக்கிற வீடு அது ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றவில்லை.

அர்ச். அருளப்பர் சுவிசேஷம் ஒன்பதாம் அதிகாரத்தில், பிறவிக் குருடனைக் கண்ட சீஷர்கள், இவன் செய்த பாவமா, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமா என்று கேட்கிறார்கள். பிறக்குமுன்னே இவன் பாவம் செய்திருக்க முடியுமா என்று அவர்களும் யோசித்துப் பார்க்கவில்லை. சேசுநாதர் இரண்டையும் மறுத்தார். இவனும் அல்ல, பெற்றவர்களும் அல்ல; தேவ கிரியை இவனிடத்தில் விளங்கவேண்டும் என்றார். சொன்னதோடு நிற்காமல் தம் கையால் சேறு குழைத்துக் கண்ணில் பூசினார். லூக்காஸ் சுவிசேஷத்தில் சீலோவாம் கோபுரம் விழுந்து இறந்த பதினெட்டுப் பேரைப் பற்றியும் அப்படியே: மற்றவர்களைவிட அவர்கள் பெரிய பாவிகளல்லர் என்றார்.

நமக்கு முற்பிறவி இல்லை, மறுபிறவியும் இல்லை. மனிதன் ஒருமுறை சாவான், பின்பு தீர்வை உண்டு என்பது எபிரேயருக்கு எழுதின நிருபத்தின் போதனை. ஆகவே, அம்மா, உன் பிள்ளையின் செவிடு எந்தக் கணக்கிலும் எழுதப்பட்ட பாக்கியல்ல. நீ செலுத்தவேண்டிய அபராதமும் அதில் ஒன்றுமில்லை. நீ மெய்யாகவே செய்த பாவங்களின் கடனையோ சிலுவையில் ஒருவர் செலுத்திவிட்டார். அதைப் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் இலவசமாகப் பெறுகிறாய். பிற சமயத்தார் தங்கள் நம்பிக்கையை மதிக்கிறார்கள், நாமும் அவர்களை மதிக்கிறோம். சிங்கவரத்தில் அண்டை வீட்டாராய் நாம் வாழ்கிற வாழ்க்கை அது. ஆனால் கர்மத்தையும் தேவ இஷ்டப்பிரசாதத்தையும் ஒரே உலையில் போட்டுச் சமைத்தால், இரண்டில் எதையும் உண்மையாய் நம்பினவர் ஆகமாட்டோம்.

அதே கணக்கெடுப்பில் இன்னொன்று: இந்தியக் கிறிஸ்தவரில் நூற்றுக்கு 33 பேர் தாங்கள் பட்டியல் சாதியார் என்றார்கள். நம் பகுதியில் இதன் பொருள் எல்லோருக்கும் தெரியும். 1950-ஆம் வருஷக் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதிச் சலுகையை இந்துக்களுக்கென வைத்தது; 1956-ல் சீக்கியருக்கும் 1990-ல் பௌத்தருக்கும் விரிந்தது; கிறிஸ்தவருக்கு விரியவில்லை. தமிழ்நாட்டில் அவர்களைப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைத்திருக்கிறார்கள். ஆகவே ஞானஸ்நான ஏட்டில் ஒரு பெயர், பள்ளிச் சான்றிதழில் வேறொரு பெயர். 2011-ஆம் வருஷக் கணக்கின்படி தமிழ்நாட்டில் கிறிஸ்தவர் நூற்றுக்கு 6.12 பேர், அதாவது சுமார் 44 இலட்சம். அந்தத் தொகைக்கு வெளியே நின்று செபமாலை சொல்கிறவர்கள் எத்தனை பேரென்று எந்த அதிகாரியும் எழுதமாட்டார். பிள்ளையின் படிப்புக்கும் வேலைக்கும் அஞ்சி மௌனமாயிருக்கும் தகப்பனைக் கோவில் வாசலில் நிறுத்தி விசாரிக்க எனக்கு மனமில்லை. அவனை அந்த நெருக்கடியில் வைத்தது சட்டம். அதோடு, சட்டத்தைக் குறைசொல்லும் நாமே கல்லறையிலும் தேர் ஓடும் தெருவிலும் சாதி பார்த்தால், அதை எந்தக் கணக்கெடுப்பில் சேர்ப்பது?

வருகிற வாரம் குடும்பப் பதிவேட்டைப் புதுப்பிக்க, அன்பியப் பொறுப்பாளருடன் நானே வீடு வீடாக வருகிறேன். சந்தா பாக்கியைக் கேட்க வரவில்லை. பெண்கள் பயந்து கதவைச் சாத்தவேண்டாம். சான்றிதழில் என்ன பெயர் என்றும் கேட்கமாட்டேன். மூன்றே கேள்விகள்: கடைசியாகப் பாஸ்காக் கடன் நிறைவேற்றியது எப்போது? நற்கருணையில் நீங்கள் வாங்குவது யாரை? உங்கள் வீட்டில் யாருக்கேனும் துன்பம் வந்தபோது, அது ஏன் வந்ததென்று நினைத்தீர்கள்? தெரியாது என்பதும் விடையே. அதை மறைக்காமல் சொல்லுங்கள். உறுதிபூசுதல் பெற்ற வாலிபர்களுக்கும் பெரியவர்களுக்கும் ஞாயிறு இரண்டாம் பூசைக்குப்பின் அரைமணி நேரம் ஞானோபதேசம் மறுபடியும் தொடங்கும். அந்தக் கல்லூரி மாணவன் வருவதாகச் சொல்லியிருக்கிறான். மூதாட்டியையும் கூப்பிட்டிருக்கிறேன், கற்றுக்கொள்ள அல்ல, அவனுக்குப் பக்கத்தில் உட்கார.